எண்ணாயிரம் வெள்ளி மடிக்கணினிக்கு ஒரு கணக்கு

மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் இப்போது மாதம் 1,700 வெள்ளி. 2025 பிப்ரவரியில் ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கும், அதே ஆண்டு ஆகஸ்டில் ஐந்து பேருக்கும் குறைவாக வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கும் அது நடப்புக்கு வந்தது. வாரத்துக்கு 45 மணி நேரம் என்றால் மாதத்துக்கு 195 மணி நேரம். வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 72 காசு. இந்தக் கட்டுரைக்கு அதுதான் அளவுகோல். கம்போங் மேடான் அடுக்குமாடிகளில் புதுச் சாமான் எது வீட்டுக்கு வந்தாலும், "எத்தனை மாசச் சம்பளம்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். வொர்க்ஸ்டேஷன் வகை மடிக்கணினிக்கும் அந்தக் கேள்வி பொருந்தும்.

விலையை 8,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். லெனோவோவின் திங்க்பேட் பி வரிசை, எச்பியின் இசட்புக், டெல்லின் பிரிசிஷன் ஆகியவை இந்த இனம். இதற்குக் கீழேயும் மாடல் உண்டு. மேலே போனால் வானமே எல்லை. 8,000 வெள்ளி என்பது குறைந்தபட்சச் சம்பளத்தில் நான்கு மாதம் இருபத்தொரு நாள். நான்கு ஆண்டு உழைக்கும் என்று எடுத்துக்கொண்டால் மாதம் 166 வெள்ளி 67 காசு. மாதத்துக்கு 26 வேலை நாள் என்றால் நாளொன்றுக்கு 6 வெள்ளி 41 காசு. கட்டட வரைபடம், கல்யாணக் காணொளித் தொகுப்பு, முப்பரிமாண மாதிரி என்று பிழைப்பு நடத்தும் ஓர் இளைஞனுக்கு இது தாங்கக்கூடிய செலவுதான். கடைக்காரர் சொல்லும் கணக்கும் இத்துடன் முடிந்துவிடும். நான் கேட்பது இதற்கு அப்பால் உள்ள கணக்கு.

முதலில் கரண்டு. 230 வாட் என்று பொறித்த செங்கல் போன்ற அடாப்டரைப் பார்த்ததும் வீட்டில் அம்மாவுக்குப் பயம் வரும். அந்த எண் அதன் உச்ச அளவு. நாள் முழுவதும் அவ்வளவு இழுக்காது. கனமான வேலையில் சராசரி 120 வாட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரம், 26 நாள்: ஏறத்தாழ 25 யூனிட். 2025 ஜூலையில் வந்த தெனாகா கட்டணப்படி சாதாரண வீட்டுக்கு மின்சாரம், கொள்திறன், வலையமைப்பு மூன்றும் சேர்ந்து யூனிட்டுக்கு 44.43 காசு. 25 யூனிட்டுக்கு 11 வெள்ளி 11 காசு. வீட்டின் மொத்தப் பயன்பாடு 200 யூனிட்டுக்குள் அடங்கினால் யூனிட்டுக்கு 25 காசு சலுகையாகக் கழியும். அப்போது மாதம் 4 வெள்ளி 86 காசுதான். நான்கு ஆண்டுக்கு முழுக் கட்டணத்தில் பார்த்தாலும் 533 வெள்ளி. பயப்பட ஒன்றுமில்லை.

வரிச் சலுகையைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். வாழ்க்கைமுறைச் செலவுக்கு ஆண்டுக்கு 2,500 வெள்ளி வரை கழிவு உண்டு. புத்தகம், கைப்பேசி, கணினி, இணையக் கட்டணம் எல்லாம் அதில் அடக்கம். "அரசாங்கம் 2,500 வெள்ளி திருப்பிக் கொடுக்கும்" என்று கடைவாசலில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தத் தொகை வரி விதிக்கப்படும் வருமானத்திலிருந்துதான் கழிகிறது. 35,000 முதல் 50,000 வரையிலான வருமானப் படியில் இருப்பவருக்கு 6 விழுக்காடு. மிச்சம் 150 வெள்ளி. அடுத்த படியில் 11 விழுக்காடு. மிச்சம் 275 வெள்ளி. வரியே கட்டாத வருமானக்காரருக்குச் சுழியம். தொழிலுக்கு வாங்கிய கணினிக்கு இந்தக் கழிவு செல்லாது. சொந்தத் தொழில் செய்பவர் மூலதனக் கழிவு வழியில்தான் போகவேண்டும். 2024 வரி மதிப்பீட்டு ஆண்டு முதல் தகவல் தொழில்நுட்பச் சாதனத்துக்கு முதல் கழிவு 40 விழுக்காடு, ஆண்டுக் கழிவு 20 விழுக்காடு. அதன்படி 8,000 வெள்ளி பொருளுக்கு முதல் ஆண்டில் 4,800, அடுத்த இரண்டு ஆண்டுகளில் தலா 1,600. ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அச்சு மங்கிப் போகும் தாள் என்றால் அன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள்.

இப்போது யாரும் எழுதாத பத்திக்கு வருகிறேன். டிரைவர்.

வன்பொருளை விண்டோஸோடு இணைத்து இயக்கும் மென்பொருளான டிரைவர் இலவசம். எந்த நிறுவனமும் அதற்குக் காசு கேட்பதில்லை. அதனால்தான் செலவுக் கணக்கில் அது இடம்பெறுவதே இல்லை. ஆனால் ஒரு வொர்க்ஸ்டேஷனில் நீங்கள் கூடுதல் விலை கொடுத்து வாங்குவதே பெருமளவு டிரைவரைத்தான். ஒரே தலைமுறை என்விடியா வரைகலைச் சில்லு விளையாட்டு மடிக்கணினியிலும் இருக்கும், வொர்க்ஸ்டேஷனிலும் இருக்கும். வேறுபாடு, ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் மென்பொருள்கள், சாலிட்வொர்க்ஸ் போன்றவற்றோடு இந்த மாடல், இந்த வரைகலை அட்டை, இந்தப் பதிப்பு டிரைவர் மூன்றையும் சேர்த்து ஓட்டிச் சோதித்துச் சான்று கொடுத்திருப்பது. அந்தச் சான்று ஒரு குறிப்பிட்ட பதிப்பு எண்ணுக்கு உரியது. புதுப் பதிப்பு வந்துவிட்டதே என்று மாற்றிக்கொண்டே இருந்தால், காசு கொடுத்து வாங்கிய சான்றை நீங்களே கைவிடுகிறீர்கள். யானை வாங்கிவிட்டு அங்குசத்தைத் தொலைத்த கதைதான்.

நேரத்தின் விலையைப் பார்ப்போம். திரை கறுத்துத் திரும்புவது, வைஃபை அறுந்து ஒட்டுவது, வெளித்திரை தெரியாமல் கேபிளைக் கழற்றி மாட்டுவது என்று நாளுக்கு 20 நிமிடம் போகிறது என்று வையுங்கள். 26 நாளில் 520 நிமிடம், அதாவது எட்டு மணி நாற்பது நிமிடம். குறைந்தபட்சச் சம்பள விலையிலேயே 75 வெள்ளி 57 காசு. நான்கு ஆண்டு இப்படியே ஓட்டினால் 3,627 வெள்ளி. கரண்டுச் செலவைப் போல் ஏறத்தாழ ஏழு மடங்கு. கணினி விலையில் 45 விழுக்காடு. கைத்தொழில் தெரிந்தவரின் ஒரு மணி நேரம் 8 வெள்ளி 72 காசைவிட மதிப்புள்ளது என்பதால் உண்மைக் கணக்கு இன்னும் மேலே போகும். எண்ணாயிரத்தில் ஐந்நூறு குறைக்கப் பேரம் பேசுகிற நாம், இந்த மூவாயிரத்து அறுநூறைப் பற்றி வாயே திறப்பதில்லை.

எனவே கோளாறுகளை எண்களோடு படிக்கப் பழகவேண்டும். விண்டோஸின் சாதன மேலாளரில் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் அதை இரண்டு முறை தட்டுங்கள். ஒரு குறியீட்டு எண் இருக்கும். 28 என்றால் டிரைவரே நிறுவப்படவில்லை. 10 என்றால் சாதனம் தொடங்க மறுக்கிறது. 43 என்றால் சாதனமே பழுது சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்திவைத்திருக்கிறது. 52 என்றால் டிரைவரின் மின்கையொப்பம் செல்லவில்லை. 28-ஐப் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை, கோப்பு ஒன்றைத் தேடினால் போதும். 43 திரும்பத் திரும்ப வந்தால்தான் வன்பொருள் மீது சந்தேகம் வரவேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் கணினியைப் பையில் போட்டுக்கொண்டு அலைபவர்கள் ஏராளம்.

பெயரே இல்லாமல் "அறியப்படாத சாதனம்" என்று நிற்பதற்கும் வழி உண்டு. அதன் விவரப் பட்டியலில் வன்பொருள் அடையாளம் என்ற வரியைத் திறந்தால் தயாரிப்பாளருக்கான நான்கு இலக்கம் தெரியும். 8086 என்றிருந்தால் இன்டெல். 1002 என்றால் ஏஎம்டி. 10டிஇ என்விடியா, 10இசி ரியல்டெக். இன்டெலுக்கு 8086 வந்தது, 1978-இல் அது வெளியிட்ட 8086 என்ற செயலியின் நினைவாக. அதற்கு ஆறு ஆண்டு முன்பே, 1972-இல், அந்த நிறுவனம் தன் முதல் வெளிநாட்டு ஆலையைப் பினாங்கில் திறந்துவிட்டது. பல மலேசியத் தமிழ்க் குடும்பங்களின் சோற்றுக்கும் அந்தத் தீவின் மின்னணு ஆலைகள் வழிசெய்திருக்கின்றன. ஆகவே அந்த எண்ணைத் திரையில் பார்க்கும்போது எனக்கு அது அந்நியமாகப் படுவதில்லை.

புதிதாக விண்டோஸ் நிறுவுபவர்களை இரண்டு இடங்களில் கணினி மறிக்கும். ஒன்று, வட்டே தெரியாது. இன்டெலின் 11-ஆம் தலைமுறை முதல் பல மாடல்களில் சேமிப்பு வட்டு விஎம்டி என்ற அமைப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதன் டிரைவரை யுஎஸ்பி குச்சியில் வைத்து நிறுவும்போதே ஊட்டவேண்டும். வட்டு செத்துவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்கினால் சில நூறு வெள்ளி வீண். மற்றொன்று, விண்டோஸ் 11 இணையத்தைக் கேட்கும். வைஃபை டிரைவரோ இணையத்தில் இருக்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசியைக் கேபிளால் இணைத்து யுஎஸ்பி டெதரிங் போடுங்கள். பெரும்பாலும் விண்டோஸுக்குள்ளேயே அதற்கான டிரைவர் இருப்பதால் உடனே இணைப்பு கிடைக்கும்.

பதிவிறக்கமும் கணக்குதான். வரைகலை டிரைவர் ஒன்று இப்போதெல்லாம் 800 மெகாபைட்டைத் தொடுகிறது. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் அது 64 விநாடி. மாலையில் எல்லா மாடியிலும் படம் ஓடும் நேரத்தில் கைப்பேசி இணைப்பு 5 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கினால் 21 நிமிடம். தேவையில்லாத பதிப்புகளை மாதம்தோறும் இறக்குவதில் இந்தச் செலவும் சேர்கிறது.

வரைபடம் சுழலும்போது திரை ஒரு கணம் கறுத்து மீளும் கோளாறு பற்றி விரிவாகச் சொல்லவேண்டும். வொர்க்ஸ்டேஷன்காரர்களை அதிகம் வாட்டுவது அதுதான். வரைகலைச் சில்லுக்கு ஒரு வேலையைக் கொடுத்தபின் விண்டோஸ் இரண்டு விநாடி காத்திருக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் டிரைவர் உறைந்துவிட்டது என்று முடிவுகட்டி அதை மீட்டெடுக்கும். நிகழ்வுப் பதிவேட்டில் 4101 என்ற எண்ணோடு ஒரு வரி விழும். இரண்டு விநாடி என்ற வரம்பை உயர்த்தும் வழி உண்டு. கனமான மாதிரிகளோடு வேலை செய்பவர்கள் அதை உயர்த்திக்கொள்வதும் உண்டு. ஆனால் நேற்று வரை ஓடிய அதே கோப்பு இன்று 4101 தந்தால், வரம்பைத் தொடாதீர்கள். நேற்றுக்கும் இன்றைக்கும் இடையில் எந்த டிரைவர் மாறியது என்று பாருங்கள். சாதன மேலாளரில் முந்தைய பதிப்புக்குத் திரும்பும் பொத்தான் இருக்கிறது. பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது.

பேட்டரிக் கணக்கிலும் டிரைவர் கைவைக்கும். விமானத்தில் கேள்வியின்றிக் கொண்டுபோக 100 வாட்-மணிதான் வரம்பு என்பதால், எவ்வளவு பெரிய மடிக்கணினியிலும் பேட்டரி அதற்குள்தான் அடங்கும். 90 வாட்-மணி என்று கொள்வோம். எழுத்து வேலைக்கு 9 வாட் போதுமானால் பத்து மணி நேரம் தாங்கும். தனி வரைகலைச் சில்லு தூங்கவேண்டிய நேரத்தில் டிரைவர் கோளாறால் விழித்திருந்து 12 வாட் கூடுதலாகக் குடித்தால் மொத்தம் 21 வாட். நாலேகால் மணி நேரத்தில் பேட்டரி காலி. "புது பேட்டரியே ஓட்டை" என்று குறைசொல்லுமுன் டாஸ்க் மேனேஜரில் அந்தச் சில்லு என்ன செய்கிறது என்று பாருங்கள்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு: டிரைவர் கோளாறு போலவே தெரியும் மின்சாரக் கோளாறு. 230 வாட் கேட்கும் கணினியை 100 வாட் மட்டும் தரும் யுஎஸ்பி-சி டாக்கில் மாட்டினால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மாதிரி தடுமாறும், காணொளி திக்கும். எத்தனை டிரைவர் மாற்றினாலும் இது தீராது. சொந்த அடாப்டரைச் செருகினால் அந்த நிமிடமே தீரும்.

2024 ஜூலை 19-ஐ நினைவுபடுத்துகிறேன். கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் விண்டோஸின் உட்கருவில் டிரைவராக ஓடுவது. அதற்கு அனுப்பிய ஒரு பழுதான கோப்பு, மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டில் 85 இலட்சம் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. கோலாலம்பூர் விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்திலும் ஏர்ஏசியா பயணிகளைக் கையாலேயே பதிவுசெய்ய வேண்டி வந்தது. உலகின் விண்டோஸ் கணினிகளில் அந்த 85 இலட்சம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. தீர்வு எளியது: பாதுகாப்பு நிலையில் தொடங்கி ஒரே ஒரு கோப்பை அழிப்பது. ஆனால் வட்டு பூட்டப்பட்டிருந்த கணினிகளில் அதைச் செய்ய 48 இலக்க மீட்புச் சாவி தேவைப்பட்டது. சாவி கையில் இல்லாத இடங்களில் வேலை நாள்கணக்கில் இழுத்தது.

அப்படி ஒரு 48 இலக்கச் சாவி உங்கள் மடிக்கணினிக்கும் இருக்கலாம். ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. விண்டோஸ் 11 உள்ள பல கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே வட்டு தானாகப் பூட்டிக்கொள்ளும்; பலருக்கு அது பூட்டப்பட்டதே தெரியாது. பிறகு ஒரு நாள் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்து மறுதொடக்கம் செய்தால் நீலத்திரையில் சாவியைக் கேட்கலாம். வாடிக்கையாளருக்கு மறுநாள் காலையில் கொடுக்கவேண்டிய வரைபடம் உள்ளே கிடக்கும். கணக்கில் நுழைந்து அந்த எண்ணை இன்றே தாளில் எழுதி, பிறப்புப் பத்திரம் இருக்கும் கோப்பில் வையுங்கள். செலவு: ஒரு தாள், ஐந்து நிமிடம். என் அளவுகோலில் 73 காசு.

பயாஸ் புதுப்பிக்கும்போது அடாப்டரும் செருகியிருக்கவேண்டும், பேட்டரியும் நிரம்பியிருக்கவேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டில் சுமார் 200 நாள் இடி முழங்குகிறது; பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்தால் அந்த வேலையை மறுநாள் காலைக்குத் தள்ளுங்கள். மேசைக்கணினிக்குப் பதிலாக மடிக்கணினி வாங்கியதன் பெரிய நன்மை, கரண்டு போனாலும் பேட்டரி தாங்கும் என்பதே.

தமிழில் வேலை செய்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். கேரித் தீவில் பிறந்த முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கிய காலத்தில், தமிழ் எழுத்தைத் திரையில் காட்டுவதே பெரும்பாடு. இன்று யூனிகோடு தமிழ் விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. இருந்தாலும் பயனர் கணக்கின் பெயரை முதலில் தமிழில் வைக்காதீர்கள். அந்தப் பெயரில்தான் கோப்புறை உருவாகும். பழைய பாணியில் எழுதிய சில நிறுவிகள் அந்தப் பாதையைப் படிக்கத் தெரியாமல் பாதியில் நின்றுவிடும். டிரைவர்மீது பழி விழும். கணக்கை ஆங்கில எழுத்தில் தொடங்கிவிட்டு, காட்டும் பெயரைப் பிறகு தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம். கோப்புறையின் பெயர் மாறாது.

8,000 வெள்ளி முடியாதவர்கள் பழைய வொர்க்ஸ்டேஷனைத் தேடுவார்கள். கம்போங் டத்தோ ஹருன் நிலையத்தில் கொமுட்டர் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் மோனோரயில் பிடித்தால் இம்பி. அங்கிருந்து லோ யாட் கணினிக் கடைவளாகம் நடக்கும் தூரம். விலை 2,400 வெள்ளி என்று வையுங்கள். அங்கே பார்க்கவேண்டியது இரண்டு எண். செயலி இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறைக்கு முந்தையதா? அப்படியானால் ஓரிரு விதிவிலக்குத் தவிர விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10-இன் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. வரைகலை அட்டை குவாட்ரோ பி என்று தொடங்குகிறதா? அது பாஸ்கல் தலைமுறை. அதற்கு என்விடியா தரும் கடைசி டிரைவர் வரிசை 580. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 வரை வரும். மூன்று ஆண்டு என்று வகுத்தால் 2,400 வெள்ளி மாதம் 66 வெள்ளி 67 காசு. புதியதன் 166 வெள்ளியோடு ஒப்பிட்டால் இது நல்ல பேரம்தான், அந்த முடிவுத் தேதி தெரிந்து வாங்கினால். விற்பவர் அதைச் சொல்லமாட்டார், நீங்கள்தான் கேட்கவேண்டும்.

என் முடிவு இது. டிரைவரைத் தயாரிப்பாளரின் பக்கத்திலிருந்து, உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து மட்டும் எடுங்கள். "எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் புதுப்பிக்கிறோம்" என்று சந்தா கேட்கும் மென்பொருளுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தேதி, சாதனம், பழைய எண், புதிய எண் என்று நாலு பத்தி போட்டு ஒரு பள்ளி நோட்டில் குறியுங்கள். பாதுகாப்புக் காரணம் சொன்னால் புதுப்பியுங்கள். "வேகம் கூடும்" என்று மட்டும் சொன்னால், ஓடுகிற கணினியைச் சான்று பெற்ற பதிப்பிலேயே விட்டுவிடுங்கள். கோளாறு குறியீடு 43, நிகழ்வு 4101 போன்ற எண்களைத் தேதியோடு படம் எடுத்து வைத்திருந்தால், உத்தரவாதக் காலத்தில் பழுதுபார்ப்பு மையத்தில் உங்கள் பேச்சுக்கு மதிப்பு வரும்.

அப்போதும் பொருளை மாற்றித்தர மறுத்தால், சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கியவர்கள் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, கோரிக்கை 50,000 வெள்ளி வரை, மூன்று ஆண்டுக்குள் பதியவேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, ரசீதும் அந்த நோட்டும் கையில் இருக்கட்டும்.